பால் வாங்கப் பதினெட்டு கிலோமீட்டர்

மான்ட்ரியலில் ஜூலைக் கடைசியில் ஒரு மெஷினைக்கூட ஓட்ட முடியாது என்று எனக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. கோயம்புத்தூரில் நான் வேலை பார்த்த பட்டறை, காலுறை பின்னும் இயந்திரங்களுக்கு உதிரிபாகம் செய்துகொண்டிருந்தது. ஒரு தொகுதி மான்ட்ரியலில் இருந்த மில்லுக்குப் போயிருந்தது. பொருத்தி, ஓட்டிக் காட்டிவிட்டு வா என்று என்னை அனுப்பினார்கள். இரண்டாயிரத்து நாலாம் வருஷக் கோடை. நான் போய் நின்ற வெள்ளிக்கிழமை மதியம் மில் மேலாளர் என் கையைக் குலுக்கிவிட்டு, "நல்லது, இரண்டு வாரம் கழித்துப் பார்ப்போம்" என்றார்.

அந்த மாகாணத்தில் ஜூலையின் கடைசி இரண்டு வாரம் கட்டட வேலைக்காரர்களுக்கு விடுமுறையாம். அவர்களோடு சேர்ந்து பாதி ஊரும் கிளம்பிவிடுகிறது. மில்லைப் பூட்டிவிட்டு மேலாளரும் மீன் பிடிக்கப் போய்விட்டார். நான் ஸ்பேனர் பையோடு தெருவில் நின்றேன்.

எனக்கு அறை கிடைத்திருந்தது பார்க் எக்ஸ்டென்ஷனில், ஒரு மளிகைக் கடைக்கு மேலே. அந்த ஊரில் இப்படி மூலைக்கு ஒரு சின்னக் கடை உண்டு. டெப்பனர் என்பார்கள். பால், ரொட்டி, பேட்டரி, லாட்டரி, பியர் எல்லாம் கிடைக்கும். இந்தக் கடையில் கூடுதலாகக் கறிவேப்பிலையும் மாசிக்கருவாடும் கிடைத்தன. கடைக்காரர் சிவநாதன், யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பதை ஒட்டிய வயது. காலை ஏழுக்குத் திறந்தால் இரவு பதினொன்றுக்குத்தான் பூட்டுவார். பன்னிரண்டு வருஷமாக அப்படித்தான். அவர் மனைவி யோகம் மதியத்தில் மூன்று மணி நேரம் அவரைச் சாப்பிட அனுப்பிவிட்டுக் கல்லாவில் உட்காருவார். இருவரும் சேர்ந்து பகலில் வெளியே போனதே இல்லை என்று அபிரா சொன்னாள். அபிரா அவர்களுடைய ஒரே மகள், பதின்மூன்று வயது. தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்வாள்.

"தம்பி, உங்களுக்கும் வேலை இல்லை. எங்களோட வெளிக்கிடுங்கோ" என்றார் யோகம். வழக்கமாகக் கடைக்கு வரும் ஒருவர், ஓர் ஏரிக்கரையில் தான் நிறுத்தி வைத்திருக்கும் கேரவனை ஒரு வாரத்துக்குத் தருவதாகச் சொல்லியிருந்தாராம். சிவநாதன் அண்ணனைச் சம்மதிக்க வைக்க யோகம் அக்காவுக்கு ஒரு மாதம் ஆகியிருக்கிறது.

கடைக் கதவில் ஒட்ட அபிரா மூன்று மொழியில் அறிவிப்பு எழுதினாள். அண்ணன் பூட்டை இழுத்துப் பார்த்தார். காரில் ஏறி உட்கார்ந்து, இறங்கிப் போய் மறுபடியும் இழுத்துப் பார்த்தார். "ஏழு நாள், ஒரு முழுக் கிழமை பூட்டினா சனம் மறந்துபோகும்" என்றார்.

"மறக்கட்டும்" என்றார் அக்கா.

---

கேரவன் பூங்கா என்றதும் நான் ஏதோ பூந்தோட்டத்தைக் கற்பனை செய்திருந்தேன். பைன் மரங்களுக்கு நடுவே எழுபது எண்பது வண்டி வீடுகள் வரிசையாக நின்றன. சக்கரம் இருக்கிறது, ஆனால் பல வருஷமாக உருண்டதில்லை. சிலர் முன்னால் மரப்படி கட்டி, பூந்தொட்டி வைத்து, வேலிகூடப் போட்டிருந்தார்கள். வீட்டை விட்டு ஓடிவந்தவர்கள் மெல்ல மெல்ல இன்னொரு வீட்டைக் கட்டிக்கொண்டதுபோல இருந்தது. எங்கள் வண்டிக்குள் நான் முதல் ஐந்து நிமிஷத்தில் மூன்று தடவை தலையை இடித்துக்கொண்டேன். படுக்கையை மடக்கினால் மேசை, மேசையைத் தூக்கினால் அலமாரி. ரயில்வே இரண்டாம் வகுப்புப் பெட்டியில் ஒரு வாரம் குடித்தனம் நடத்துவதாக நினைத்துக்கொண்டால் சரியாக இருக்கும்.

கேரவன் கொடுத்தவர், "வாசலில் கடை இருக்கிறது, எல்லாம் கிடைக்கும்" என்று சொல்லியிருந்தார். அதை நம்பி அக்கா அரிசி, மாவு, மிளகாய்த்தூள், ஜான்-டலோன் சந்தையில் வாங்கிய ஒரு பை காய்கறி ஆகியவற்றைத்தான் எடுத்து வந்திருந்தார். வாசலில் கடை இருந்தது. ஷட்டர் இறங்கியிருந்தது. "இந்த ஆண்டு முதல் கடை இல்லை. நகரத்தில் சூப்பர்மார்க்கெட் இருக்கிறது. பதினெட்டு கிலோமீட்டர்" என்று ஒரு தாளில் எழுதி ஒட்டியிருந்ததை அபிரா படித்துச் சொன்னாள்.

சிவநாதன் அண்ணன் கண்ணாடியில் கையைக் குவித்து உள்ளே எட்டிப் பார்த்தார். "அலுமாரி எல்லாம் அப்படியே கிடக்கு. அந்தப் பெரிய பிரிட்ஜைப் பாருங்கோ தம்பி. நல்ல சாமான். சும்மா நிக்குது."

அக்கா சிரித்தார். "நல்லதாப் போச்சு. ஒரு கிழமைக்கு உங்கட கண்ணிலை ஒரு கடையும் படாது."

---

ஞாயிற்றுக்கிழமை காலையில் பால் தீர்ந்தது. தீப்பெட்டியும் இல்லை. நானோ பற்பசையை மறந்துவிட்டிருந்தேன். அண்ணனும் நானும் கிளம்பினோம்.

ஒரு லிட்டர் பால் வாங்க அப்படி ஒரு பயணத்தை நான் அதற்கு முன் செய்ததில்லை. பாதித் தூரம் சரளைக்கல் பாதை. பிரெஞ்சுப் பலகையைத் தப்பாகப் புரிந்துகொண்டு ஒரு பண்ணைக்குள் நுழைந்தோம். மூன்று மாடுகள் எங்களை நிதானமாகப் பார்த்தன. "இவ்வளவு பால் இங்கேயே நிக்குதே அண்ணா" என்றேன். திரும்பும் வழியில் டயர் பஞ்சர். ஸ்டெப்னி இருந்தது, ஜாக்கி இல்லை. முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றோம். கடைசியில் டிராக்டரில் வந்த ஒரு பெரியவர் ஒரு வார்த்தை பேசாமல் இறங்கி, தன் ஜாக்கியைப் போட்டு, டயரை மாற்றிக் கொடுத்துவிட்டு, தொப்பியைத் தொட்டுக் காட்டிப் போய்விட்டார். நாங்கள் வந்து சேர்ந்தபோது மணி பன்னிரண்டரை. பால் வெதுவெதுப்பாகிவிட்டது. அக்கா பால் இல்லாத தேத்தண்ணியோடு படியில் உட்கார்ந்திருந்தார். சந்தோஷமாகத்தான் இருந்தார். புருஷன் பால் வாங்கப் போய், கடைக்காகத் திரும்பி ஓடவேண்டிய அவசரமில்லாமல் வந்த முதல் நாள் அது என்று பிறகுதான் எனக்கு உறைத்தது.

கார் நின்றதும் பக்கத்துக் கேரவனிலிருந்து ஒரு மூதாட்டி வந்தார். நாலு கால் ஊன்றுகோலை முன்னே வைத்து, பிறகு ஓர் அடி வைத்து, மெதுவாக. பெயர் ழினெத். எழுபத்தைந்து இருக்கலாம். இடுப்பில் அறுவைச் சிகிச்சை ஆன பிறகு காரை விற்றுவிட்டாராம். மே மாதம் மகன் கொண்டுவந்து விட்டுப்போவான், செப்டம்பரில் வந்து கூட்டிப்போவான். தினமும் காலையில் வாசல் கடை வரைக்கும் நடந்துபோய் ரொட்டியும் பாலும் வாங்கி வருவதுதான் மருத்துவர் சொன்ன நடை. இப்போது கடை இல்லை. இதுவரை அக்கம்பக்கத்தில் கேட்டு ஓட்டியிருக்கிறார்.

"அடுத்த தடவை போனால்," என்று அபிராவிடம் பிரெஞ்சில் சொன்னார், "ஒரு சின்ன ரொட்டி. அவசரமில்லை. உங்களுக்கு வசதிப்பட்டால் மட்டும்."

கையில் ஒரு பாத்திரத்தில் வேகவைத்த மக்காச்சோளம் இருந்தது. எங்களுக்காகக் கொண்டுவந்தது. அந்த ஊர்ப் பிரெஞ்சில் மக்காச்சோளத்துக்கு 'இந்தியக் கோதுமை' என்று பெயராம். எந்த இந்தியனும் கேள்விப்படாத கோதுமை. நான் மிளகாய்த்தூளும் உப்பும் எலுமிச்சையும் தடவி அவரிடமே ஒரு கதிரைத் திருப்பிக் கொடுத்தேன், நம் ஊரில் ரோட்டோரத்தில் சுட்டுக் கொடுப்பார்களே, அந்த மாதிரி. ஒரு கடி கடித்தார். கண்ணில் நீர் வந்தது. முழுவதும் தின்றுவிட்டுத்தான் போனார்.

---

திங்கட்கிழமை அண்ணன் ழினெத்துக்கு ரொட்டி வாங்கப் போவதாகச் சொன்னார். சாவியை எடுப்பதற்குள் ஐந்து பேர் வந்துவிட்டார்கள். ஒரு தாய்க்குக் குழந்தையின் டயப்பர். ஒருவருக்கு டார்ச் பேட்டரி. எதிர் வரிசை ஆளுக்கு முட்டை. காரில் போகக்கூடியவர்கள்தான். ஆனால் ஒரு டஜன் முட்டைக்காக அரை நாளைக் கொடுக்க யாருக்கும் மனமில்லை. அண்ணன் காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு ஒவ்வொருவர் சொன்னதையும் தமிழில் எழுதிக்கொண்டார். முகம் வெளிச்சமாகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை காலையில் அவரே நினைத்துப் பார்த்து, யாரும் கேட்காதவற்றையும் வாங்கி வந்தார். கொசுவத்தி, தையல் ஊசி, தலைவலி மாத்திரை, பூனைத்தீனி. கேரவன் முன்னால் துணிப்பந்தலின் கீழே இரண்டு அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து, அதன்மேல் அடுக்கி வைத்தார். வாங்கின விலைக்கே கொடுத்தார். நானும் உதவினேன், பொய் சொல்வானேன், எனக்கும் பிடித்திருந்தது. நம் ஊரில் மூன்று பேர் ஓரிடத்தில் கால் மணி நேரம் நின்றால் நாலாவதாக ஒருவர் டீக்கேனோடு வந்துவிடுவார். வெள்ளியங்கிரி மலை ஏறப் போனால் அடிவாரத்தில் கைத்தடியிலிருந்து கற்பூரம் வரை கிடைக்கும். யாரும் திட்டம் போட்டு வைத்ததில்லை. இங்கே எழுபது குடும்பங்கள் கோடை முழுவதும் இருக்கின்றன, ஒரு தீப்பெட்டி வாங்க வழியில்லை. அந்த அட்டைப்பெட்டியைப் பார்த்தபோது எனக்கு ஊருக்கு வந்துவிட்டதுபோல இருந்தது.

ழினெத் ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு பொருள்தான் கேட்டார். அதையும் மற்றவர்கள் போன பிறகு வந்து கேட்டார்.

அன்று சாயங்காலம் ஏரியில் அபிரா நீந்திக்கொண்டிருந்தாள். அக்கா துண்டோடு கரையில் காத்திருந்தார். அண்ணன் ஐந்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். ஆறரைக்கு அக்கா திரும்பி வந்தபோது, அவர் நாளைக்கு என்ன வேண்டும் என்று பட்டியல் எழுதிக்கொண்டிருந்தார்.

"இஞ்சாருங்கோ, இது என்ன?"

"இல்லையப்பா, இந்தச் சனம் பாவம். ஒரு பாணுக்கும் பாலுக்கும்..."

"நான் கேட்டது ஏழு நாள்." அக்கா குரலை உயர்த்தவில்லை. அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது. "பன்ரண்டு வருசத்திலை ஏழு நாள். பிள்ளை நீந்துறாள், ஒரு நாளாவது வந்து பாத்தனீங்களே? கடைக்குப் பயந்து நான் இவ்வளவு தூரம் வந்தனான். நீங்கள் கடையைத் தூக்கிக்கொண்டு பின்னாலை வந்திட்டீங்கள்."

"சும்மா இருக்க எனக்கு ஏலாது, யோகம். கை காலெல்லாம் என்னவோ செய்யுது."

"அப்ப நீங்கள் அதுகளுக்காகச் செய்யேல்லை. உங்களுக்காகத்தான் செய்யிறீங்கள்."

நான் தண்ணீர் பிடித்துவருவதாகச் சொல்லிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். குடம் நிறைந்துதான் இருந்தது. திரும்பிப் போகும்போது, அடுத்த கேரவன் ஜன்னலில் ழினெத் நிற்பதைப் பார்த்தேன். வார்த்தை புரிந்திருக்காது. எதைப் பற்றிய சண்டை என்பது புரியாமல் இருக்க வழியில்லை.

---

புதன்கிழமை காலையில் பூங்காவின் நிர்வாகி குடையோடு வந்தார். மழை கொட்டியது. மெலிந்த, களைத்துப்போன மனிதர். அட்டைப்பெட்டிகளைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றினார், மன்னிப்புக் கேட்பதுபோலவே பேசினார். அனுமதி இல்லாமல் பூங்காவுக்குள் எதையும் விற்கக்கூடாது. யாருக்காவது வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாமல் போனால் காப்பீட்டுக்காரர்கள் அவரைத்தான் பிடிப்பார்கள்.

"நீங்களே கடையைத் திறக்கலாமே?" என்று அபிரா மூலம் நான் கேட்டேன்.

அவர் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். நாள் முழுவதும் உட்கார ஆள் கிடைக்கவில்லை. போன வருஷம் கிடைத்த ஆள் ஜூன் முடிவதற்குள் போய்விட்டான். பால் கெட்டுப்போய்க் கொட்டியது போதும். எல்லோரும் நகரத்திலிருந்து வரும்போதே காரில் நிரப்பிக்கொண்டு வருகிறார்கள், மறந்துபோன உப்புக்கு மட்டும் என்னிடம் வருகிறார்கள் என்றார். அவரைக் குற்றம் சொல்ல முடியவில்லை. அண்ணன்தான் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். ஒரு கடைக்காரரின் கஷ்டம் இன்னொரு கடைக்காரருக்கு மொழிபெயர்ப்பே இல்லாமல் புரிந்தது.

நாளை மாலை பூங்காக்காரர்களின் மாதக் கூட்டம் இருக்கிறது, வந்து பேசுங்கள் என்று சொல்லிவிட்டு நிர்வாகி போனார். அண்ணன் பெட்டிகளை மடித்துக் காருக்குள் வைத்தார். அக்காவிடம் "சரியே?" என்று கேட்டார். அக்கா சீட்டுக்கட்டை எடுத்து மேசையில் வைத்தார். அன்று முழுக்க மழை. நாலு பேரும் அந்த ரயில் பெட்டிக்குள் முழங்காலோடு முழங்கால் இடித்துக்கொண்டு சீட்டு விளையாடினோம். அபிரா எங்கள் எல்லோரையும் தோற்கடித்தாள்.

---

வியாழக்கிழமை காலையில் அக்கா புட்டு அவித்தார். சோளம் வந்த பாத்திரத்தைச் சும்மா திருப்பிக் கொடுக்கக்கூடாது என்று அதில் புட்டு வைத்து, தேங்காய்ப் பாலில் வைத்த சொதியும் ஊற்றி, காரம் இல்லாமல், ழினெத்திடம் கொண்டுபோனார். ஐந்து நிமிஷத்தில் வருவார் என்று நினைத்தோம். அரை மணி நேரம் கழித்து வந்தார். வந்தவர் கேரவன் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"என்னக்கா?"

"சாப்பாட்டை பிரிட்ஜுக்குள்ளை வைக்கச் சொன்னா. திறந்தனான். உள்ளுக்கு ஒண்டுமில்லை, தம்பி. ஒரு கடுகுப் போத்தல். அவ்வளவுதான்." சேலைத் தலைப்பால் கையைத் துடைத்தார். "ரெண்டு நாளா பிஸ்கெட்டும் வெறும் தேத்தண்ணியும். ஏன் கேக்கேல்லை எண்டு கேட்டன். என்ரை கையைப் பிடிச்சு, 'உங்களுக்குள் சண்டை என்னால்தானே' எண்டு சொல்லுது அந்த மனுசி."

அண்ணன் எழுந்து கார்ச் சாவியைத் தேடினார்.

"நில்லுங்கோ" என்றார் அக்கா. "நானும் வாறன்."

இருவரும் சேர்ந்து நகரத்துக்குப் போய், இரண்டு மணி நேரத்தில் திரும்பினார்கள். வழியில் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. ழினெத்தின் பிரிட்ஜை அக்காவே அடுக்கினார். மத்தியானம் முழுவதும் அபிராவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிரெஞ்சில் ஏதோ வாக்கியங்களைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். அபிரா திருத்தினாள். முதலில் அலுத்துக்கொண்டே திருத்தினாள். பிறகு அவளும் எழுந்து நின்று சொல்லிக் காட்டத் தொடங்கினாள்.

கூட்டம் ஏரியோரக் கூடத்தில். ஏழு மணிக்கும் வெயில் அடித்தது. நாற்பது பேர் மடக்கு நாற்காலிகளில் இருந்தார்கள். கழிவறைக் குழாய், நாய்களின் கயிறு என்று பேசிவிட்டுக் கடைக்கு வந்தார்கள்.

தாடி வைத்த ஒருவர் எழுந்தார். அபிரா என் காதில் மொழிபெயர்த்தாள். "நான் இங்கே வருவது கடைகளிலிருந்து தப்பிக்க. முன்பு கடை இருந்தபோது ராத்திரி வரை கார்கள், பியர் போத்தல்கள், சத்தம். இரண்டு மாதமாகத்தான் எனக்கு ஏரியின் சத்தம் கேட்கிறது." நிறையப் பேர் தலையசைத்தார்கள். அவர் சொன்னதும் நியாயமாகத்தான் எனக்குப் பட்டது. டயப்பர் கேட்ட தாய், அப்படியென்றால் இரவில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்றாள். முன்கூட்டியே வாங்கி வை என்றார் ஒருவர். எல்லாவற்றையும் முன்கூட்டியே தெரிந்துவைத்திருக்கும் ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை என்றாள் அவள். நிர்வாகி நெற்றியைத் தடவிக்கொண்டார்.

பிறகு அவர் சிவநாதன் அண்ணனைப் பார்த்து, "நீங்கள் கடை நடத்துபவர். இந்தக் கோடை முழுவதும் நீங்களே எடுத்து நடத்துகிறீர்களா?" என்று கேட்டுவிட்டார்.

அண்ணனின் கண்களில் அந்தப் பெரிய பிரிட்ஜ் வந்து போனதை நான் பார்த்தேன். அவர் எழுவதற்குள் அக்கா எழுந்துவிட்டார். கல்லாவில் கற்ற பிரெஞ்சு. சின்னச் சின்ன வாக்கியங்கள்.

"வணக்கம். என் பெயர் யோகம். எங்களுக்குக் கடை இருக்கிறது. பன்னிரண்டு வருஷம். எனக்குக் கடை பிடிக்காது."

சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

"இன்று காலை நான் ஒரு பிரிட்ஜைத் திறந்தேன். யாருடையது என்று சொல்லமாட்டேன். உள்ளே கடுகு மட்டும் இருந்தது. நமக்கு நடுவில்தான் அந்த பிரிட்ஜ் இருக்கிறது. நாம் எல்லோரும் நல்லவர்கள். கேட்டால் கொடுப்போம். ஆனால் கேட்பது கஷ்டம். இன்று கேட்கலாம், நாளைக்குக் கேட்கலாம். மூன்றாம் நாள் வெட்கம். கடையில் கேட்க வேண்டாம். எடுக்கலாம், காசு கொடுக்கலாம், மெர்சி என்று நன்றி சொல்லலாம், போகலாம். தலை குனிய வேண்டாம். அதற்குத்தான் கடை."

அபிரா மொழிபெயர்ப்பதை நிறுத்தியிருந்தாள். மத்தியானம் கேட்டுக் கேட்டு எனக்கே பாடமாகிவிட்டதால் தொடர முடிந்தது.

"ஆனால் ஒரு ஆளைக் கட்டிப்போடாதீர்கள். அது என்னவென்று எனக்குத் தெரியும். காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம். பால், ரொட்டி, முட்டை, மருந்து, தீப்பெட்டி. பியர் வேண்டாம்." தாடிக்காரரைப் பார்த்தார். "சிகரெட்டும் வேண்டாம். ஆள் மாறி மாறி இருங்கள். என்ன வாங்கவேண்டும் என்று நான் எழுதித் தருகிறேன். என் கணவர் வரமாட்டார்."

அண்ணன் தரையைப் பார்த்தார். கொஞ்சம் வலித்திருக்கும்.

"யார் பொறுப்பு? சாவி யாரிடம்?" என்றார் நிர்வாகி. "போன வருஷமும் மாறி மாறி இருப்பதாகத்தான் சொன்னார்கள். ஒருவரும் வரவில்லை."

பின்வரிசையில் ஊன்றுகோல் தரையில் தட்டியது. ழினெத் எழுந்து நிற்க நேரம் எடுத்தது.

"அந்தக் கடுகு என்னுடையது" என்றார். பக்கத்தில் இருந்த பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். "நாற்பது வருஷம் ஆஸ்பத்திரிச் சமையலறையில் இருந்தேன். வேளைக்கு முந்நூறு பேருக்குத் தட்டு அனுப்பினேன். ஒரு நாள்கூடப் பால் கெட்டுப்போனதில்லை. சாவியை என்னிடம் கொடு."

கை தூக்கச் சொன்னார்கள். தாடிக்காரர் கடைசிவரை தூக்கவில்லை. இன்னும் ஏழெட்டுப் பேரும் தூக்கவில்லை. ஆனால் போதுமான கைகள் இருந்தன. ஆகஸ்ட் முடியும் வரை சோதனைக்கு, அதற்கு மேல் ஒன்றும் சொல்லமுடியாது என்றார் நிர்வாகி. அடுத்த வருஷம் அந்தக் கடை இருந்ததா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

---

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஷட்டர் பாதி ஏறியது. மீதியை நானும் நிர்வாகியுமாகத் தள்ளி ஏற்றினோம். அக்கா எழுதிக் கொடுத்த பட்டியலோடு அவர் காலையிலேயே நகரத்துக்குப் போய்ச் சாமான் வாங்கி வந்திருந்தார். பெரிய பிரிட்ஜ் வேலை செய்யவில்லை; எல்லாம் துடைத்து, பிளக் மாட்டிப் பார்த்தும் அசையவில்லை. ஐஸ் கட்டிகளை ஒரு தொட்டியில் கொட்டி அதற்குள் பாலை நிறுத்தி வைத்தார்கள். ழினெத் உயரமான முக்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "அடுத்தவர்" என்றார். குரலில் ஐந்து நாள் முன்பு ஒரு சின்ன ரொட்டி கேட்ட பெண்ணைத் தேடினாலும் கிடைக்காது.

அண்ணன் வரிசையில் நின்றார். நிற்கத் தெரியவில்லை. ரொட்டி அடுக்கைப் பார்த்துவிட்டு விலகிப்போய் இரண்டை நேராக வைத்தார். முட்டைப் பெட்டியைக் கீழ்த்தட்டிலிருந்து எடுத்து மேல்தட்டுக்கு மாற்றினார். ழினெத் ஊன்றுகோலைத் தட்டினார். "மிஸ்யூ! வரிசைக்கு." டயப்பர் வாங்க வந்த தாய் சிரித்துக்கொண்டே அவருக்கு மறுபடியும் இடம் விட்டாள்.

அவர் முறை வந்தது. ஒரு லிட்டர் பால். காசு கொடுத்தார், "மெர்சி, மதாம்" என்றார், வெளியே வந்தார். பாலைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டார். பகல் பத்து மணி. அந்த நேரத்துக்குக் கல்லாவைத் தவிர அவருக்குப் போவதற்கு இடமே இல்லை.

அக்கா பாலை அவர் கையிலிருந்து வாங்கி என்னிடம் கொடுத்தார். பிறகு அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு ஏரிப்பக்கம் நடந்தார். அபிரா ஏற்கெனவே தண்ணீரில் இருந்தாள். அண்ணன் செருப்பைக் கழற்றினார், காற்சட்டையை முழங்கால் வரை மடித்தார், ஒரு காலை வைத்துவிட்டு எடுத்தார்.

"யோகம், தண்ணி குளிருது."

"குளிரட்டும்" என்றார் அக்கா. சேலையைச் சற்றே தூக்கிக்கொண்டு அவரும் இறங்கினார். "இன்னும் கொஞ்சம் உள்ளுக்கு வாங்கோ."